பழைய இசைத்தட்டுகளும் வன்னியின் செவியும்



வன்னிப் பெருநிலத்தில் மின்விளக்கைக் காணாத ஊர்களிற்கூட ஒரு காலத்திலே கிராமபோன் பாடியது. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுருள்வில்லை முறுக்கிவிட்டு, உருக்கு ஊசியைத் தட்டின் ஓரத்தில் மெல்ல வைத்தாற் போதும். சென்னையிலே பாடிய குரல் காட்டோரத்து முற்றத்தில் எழும். 1905ஆம் ஆண்டிலே வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு வழியாகப் புகைவண்டிப் பாதை யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்தது. அதன் பின்னர், பட்டணத்துப் பொருள்கள் வன்னிக்கு வருவது எளிதாயிற்று. அவற்றுள் இந்தப் பாடும் பெட்டியும் ஒன்று. பிற்காலத்தில் ஒலிபெருக்கி வந்தது. கோயில் திருவிழா என்றாலும் கலியாண வீடு என்றாலும் பனையிலோ தென்னையிலோ கட்டிய ஒலிபெருக்கியிலே, விடியுமுன் நாதசுர இசைத்தட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். வயலுக்குச் செல்பவன் அதைக் கேட்டுக்கொண்டே செல்வான். அவனுக்கு இராகத்தின் பெயர் தெரியாதிருக்கலாம். ஆயினும் அதன் நடை அவன் செவியிற் பதிந்துவிடும்.

அந்தத் தட்டுகளின் ஒலி இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் கிடைக்கின்றது. ஆனால், இளைஞர் ஒருவர் அதைக் கேட்கத் தொடங்கி அரை நிமிடத்திலே நிறுத்திவிடுகிறார். “சட்டியில் அப்பளம் பொரிவதுபோல் இரைகிறதே, இதில் இசை எங்கே இருக்கிறது?” என்கிறார். அவரைக் குறைகூறுவதற்கில்லை. பழைய ஏட்டுச்சுவடியை வாசிப்பதற்குப் புள்ளியில்லாத எழுத்தையும், காலும் கொம்பும் மயங்கும் எழுத்தையும் இனங்காணப் பழகவேண்டியிருக்கிறது அல்லவா? பழைய இசைத்தட்டும் அத்தகையதொரு சுவடிதான். அதை வாசிக்கும் முறை சிறிது தெரிந்தால், இரைச்சல் தானாகவே பின்னுக்குப் போய்விடும். இன்றைய பேச்சு அந்த முறையைப் பற்றியது.

முதலிலே சற்றுத் தொலைவு சென்று வருவோம். பழைய ஒலிப்பதிவுகளைப் போற்றிக் கேட்கும் பழக்கம் வேரூன்றிய நாடுகளுள் ஸ்கொட்லாந்து ஒன்று. அந்நாட்டு மக்களின் உயிரான வாத்தியம் பிடில், அதாவது நாம் வயலின் என்று சொல்லும் அதே கருவி. ஜேம்ஸ் ஸ்கொட் ஸ்கின்னர் என்னும் பிடில் கலைஞர் 1843இற் பிறந்து 1927இல் மறைந்தார். 1899ஆம் ஆண்டிலேயே அவர் மெழுகு உருளையில் தம் வாசிப்பைப் பதிவுசெய்தார். பின்னர் வட்டத் தட்டுகளிலும் வாசித்தார். இவர் பிறந்த கின்கார்டின் மாவட்டந்தான், 1867இல் கண்டிச் சீமையின் லூல்கந்துராத் தோட்டத்திலே தேயிலையை வாணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெயிலர் பிறந்த மாவட்டமும். நம் மலையகத்தைத் தேயிலைக் காடாக்கிய மண்ணுக்கும் அந்தப் பிடிலின் மண்ணுக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பது பலர் அறியாதது.

ஸ்கின்னர் தம் மெட்டுகளை அச்சிற் புத்தகமாகவும் வெளியிட்டவர். அவருடைய பெரிய தொகுப்பொன்று 1904ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சிட்ட சுரக்குறிப்பைப் பார்த்து எவரும் அந்த மெட்டை வாசிக்கலாம். ஆனால் அது ஸ்கின்னர் வாசித்தது போல் இராது. வில்லை எவ்விடத்தில் அழுத்தினார், எவ்விடத்தில் ஒரு சுரத்தைக் குறுக்கி அடுத்ததை நீட்டினார் என்பதெல்லாம் தாளிலே முழுவதும் விழவில்லை. கரகரக்கும் அந்த மெழுகிலே விழுந்திருக்கின்றது. ஆகவே இன்றும் அங்குள்ள பிடில் மாணவர்கள் புத்தகத்தை ஒரு பக்கத்திலும் பழைய பதிவை மறுபக்கத்திலும் வைத்துக்கொண்டு பயில்கிறார்கள்.

நம் கதையும் இதற்கு மிக அணித்தானது. பிடிலை நம் இசைக்குள் கொண்டுவந்தவர் பாலுசுவாமி தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. சென்னையிலே ஐரோப்பியர் ஒருவரிடம் அக்கருவியைக் கற்று, அதிலே நம் இராகங்களை வாசித்துக் காட்டினார். அவருடைய பேரனும் சுவீகார புத்திரனுமாகிய சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டில், அதாவது ஸ்கின்னரின் புத்தகம் வெளிவந்த அதே ஆண்டில், எட்டயபுரத்திலே ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை வெளியிட்டார். கமகங்களை அச்சிற் காட்டுவதற்கென்றே தனிக் குறிகளை அமைத்த நூல் அது. இசையைத் தாளிற் பிடித்துவிட வேண்டுமென்று அத்தனை பாடுபட்ட பெரியவர் அவர். அவர் அந்த வேலையில் ஈடுபட்டிருந்த காலத்திலேதான் இசையை நேரே ஒலியாகவே பிடித்து வைக்கும் இயந்திரம் இந்தியாவில் வந்து இறங்கியது.

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனியின் சார்பிலே கல்கத்தாவில் ஒலிப்பதிவு நடத்தினார். கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகி அப்போது பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்திலே உரக்கச் சொல்லியும் வைத்தார். தட்டுகளை அச்சிடும் தொழிற்சாலை அந்நாளில் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்தது. அங்குள்ளவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டுமே! 1908இற் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டது. அதற்கிடையிலே பதிவுக்காரர்கள் சென்னைக்கும் வந்துவிட்டனர். கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் அந்தத் தொடக்க காலத்திலே பாடியவர்கள். கோயம்புத்தூர் தாயியின் குரல் பிரான்சு நாட்டு இசையமைப்பாளர் மோரீஸ் டெலாஜ் என்பவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1912ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த நான்கு இந்தியப் பாடல்களிலே அந்தக் குரலின் அசைவுகளை மேல்நாட்டுப் பாடகி ஒருவரைக்கொண்டு பாடுவிக்க முயன்றார். நம்மவர் கரகரப்பு என்று தள்ளுவதிலே பாரிஸ் நகரத்தவர் ஒருவர் எதைக் கேட்டார் என்று நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதை அறியாமல் பழைய தட்டைச் சுவைக்க இயலாது.

1925ஆம் ஆண்டு வரையில் ஒலிப்பதிவுக்கு ஒலிவாங்கி இல்லை. தகரத்தாற் செய்த பெரிய கூம்பு ஒன்று இருக்கும். அதன் அகன்ற வாய்க்கு நேரே நின்று பாடகர் பாடவேண்டும். கூம்பின் குறுகிய முனையிலே மெல்லிய தகடு. தகட்டோடு பொருந்தியது ஓர் ஊசி. ஊசியின் கீழே சுழலும் மெழுகு. பாடகரின் மூச்சு எழுப்பிய அதிர்வே மெழுகிலே தடம் வெட்டவேண்டும். வேறு எந்த ஆற்றலும் துணைக்கு இல்லை. ஆகவே ஒலியிலே ஒரு நடுப்பகுதி மட்டுமே தட்டில் இறங்கிற்று: விநாடிக்கு ஏறக்குறைய 250 அதிர்வு முதல் 2500 அதிர்வு வரை. அதற்குக் கீழே உள்ள கனமும், அதற்கு மேலே உள்ள மினுக்கமும் பெரும்பாலும் கழிந்துபோயின.

இதன் பயனைக் கவனியுங்கள். தம்புராவின் ஆழ்ந்த சுருதி மறைந்துவிடுகின்றது. மிருதங்கத்தின் வலந்தலை ‘டிண்’ என்று கேட்கும். தொப்பியின் கும்காரம் கேளாது. ஆதலின் அந்தக் காலத்துத் தட்டைக் கேட்கும்போது, “மிருதங்கம் வெறுமையாக இருக்கிறதே” என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தொப்பி அங்கே வாசிக்கப்பட்டிருக்கின்றது. கூம்பு அதை உள்வாங்கவில்லை. கேட்பவர் தம் மனத்திலே அதை நிரப்பிக்கொள்ள வேண்டும். தாளவாத்தியம் ஓங்கி அடித்தால் ஊசி தடத்தைவிட்டுத் துள்ளிவிடும் என்று அதைத் தூரத்தே வைப்பதும், சில வேளைகளில் வேண்டாமென்றே விடுவதும் உண்டு. வயலினின் மெல்லிய ஓசை கூம்புக்கு எட்டாததால், மேல்நாட்டிலே வயலினின் வயிற்றை அகற்றிவிட்டுத் தகரக் கூம்பையே பொருத்திய ஒரு விசித்திர வயலினைக்கூடச் செய்தார்கள்! பதிவறைக்கென்றே பிறந்த கருவி அது.

ஆகவே அந்தக் கூம்பைச் சல்லடை என்று சொல்வதே பொருந்தும். அதன் கண்களுக்குள்ளே நுழைந்த இசைதான் நம் கைக்கு வந்திருக்கின்றது. நுழையாத இசை வெளியே நின்றுவிட்டது. அந்தச் சல்லடைக்கு உகந்த கலைஞர் யார், உகவாதவர் யார் என்று பார்ப்பது சுவையான ஆராய்ச்சி.

நாடக மேடைக் குரல் அதற்கு மிக உகந்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசி வரிசை வரை எட்டும்படி பாடிப் பழகியவர்களின் குரல் அது. எஸ். ஜி. கிட்டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1906இற் பிறந்து 1933இல் தமது 27ஆவது வயதிலே மறைந்துவிட்ட அந்த இளைஞர், தட்டிலே இன்றும் முழு உயிரோடு நிற்கிறார். மேல் ஸ்தாயிச் சுரங்களைத் தொட்டுவிட்டு இறங்கும்போது அவர் குரலிற் களைப்புத் தோன்றுவதேயில்லை. அவரும் கே. பி. சுந்தராம்பாளும் முதன்முதலிற் சந்தித்து ஒன்றாக நடித்தது நம் இலங்கையிலேதான். 1926ஆம் ஆண்டளவிலே நாடகம் நடிக்க வந்த இடத்தில். அடுத்த ஆண்டில் மணம்புரிந்துகொண்டனர். இந்த இருவரின் தட்டுகளும் பிற்காலத்திலே எங்கள் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகளில் ஒலித்தபோது, அவர்கள் வேற்றூரார் என்ற எண்ணமே எவருக்கும் எழுந்ததில்லை.

நாதசுரமும் சல்லடைக்கு அஞ்சாத கருவி. ஆனால் அதற்கு வேறொரு நெருக்கடி. வீதியிலே, வானத்தின் கீழே, தேர் நகரும்போது வாசிப்பதற்கென்று பிறந்த வாத்தியத்தை ஓர் அறைக்குள் அடைத்துவிட்டார்கள். திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம்பிள்ளை (1898–1956) இசைத்தட்டிலே வாசித்துள்ள தோடியைக் கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்காகத் தோடியை விரித்து வாசிக்க வல்லவர் அவர். இராகத்தின் முழு உருவத்தையும் சில நிமிடங்களிற் காட்டவேண்டியதாயிற்று. முதல் முறை கேட்கும்போது வேறெதையும் ஆராயாமல் காந்தாரத்தை மட்டும் கவனியுங்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாத சுரம். அசைந்தாற்றான் அது தோடி. அந்த அசைவை அவர் மூச்சினாலும் சீவாளியில் உதடு வைக்கும் அழுத்தத்தினாலும் எத்தனை விதமாகச் செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது ஒத்தின் ஒலியைத் தேடுங்கள்; இரைச்சலுக்கு அடியிலே மெல்லிய இழையாக அது ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றிக்கொண்டாற் பிறகு இரைச்சல் செவிக்குத் தோன்றாது.

இந்த இடத்திலே வன்னி நேயர்களுக்கு ஓர் அநுகூலம் உண்டென்று நான் கருதுகிறேன். மேடைக் கச்சேரி மண்டபத்திலே மட்டும் இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இல்லாத அநுகூலம் அது. கோயில் வீதியில் இரவு முழுவதும் நின்று மல்லாரி கேட்ட செவி, தூரத்திலிருந்து காற்றிலே வந்து தேய்ந்த ஒலியிலிருந்தும் இராகத்தைப் பிடிக்கும். குளக்கட்டிலே படுத்துக்கொண்டு அடுத்த ஊர்த் திருவிழாவைக் கேட்டவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். காற்று மாறும்போது மேளம் மறையும், மீண்டும் வரும், இடையிலே விட்டுப்போனதை மனம் கோத்துக்கொள்ளும். பழைய தட்டைக் கேட்பதற்கு வேண்டிய பயிற்சி ஏறக்குறைய அதுவேதான்.

சல்லடைக்கு உகவாதவரைப் பற்றியும் சொல்லவேண்டும். வீணை தனம்மாள் 1867இற் பிறந்தவர். சென்னையில் அவருடைய இல்லத்திலே வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பதும், இசையறிந்த சிலர் அமர்ந்து மூச்சுவிடாமற் கேட்பதும் அந்நாளில் ஒரு வழிபாடுபோல் நடந்துவந்தன. அந்த வீணையின் ஓசையைத் தகரக் கூம்பு எவ்வாறு வாங்கும்? 1925இன் பின் மின்சார ஒலிவாங்கி வந்தது. மெல்லிய ஓசையும் பதியலாயிற்று. 1932ஆம் ஆண்டிலே, தமது 65ஆவது வயதை அண்மித்து, கண்பார்வையும் போய்விட்ட நிலையில், கொலம்பியா கம்பெனிக்காகத் தனம்மாள் வாசித்தார். 1938இல் மறைந்தார். நமக்கு எஞ்சியிருப்பவை அந்தச் சில தட்டுகள்தாம். ஒலிவாங்கி சில ஆண்டுகள் பிந்தியிருந்தால் அவையும் இல்லை.

தனம்மாளின் தட்டு முதற் கேள்வியிற் பலருக்கு ஏமாற்றம் தரும். வேகமில்லை, ஆரவாரமில்லை, கைதட்டுக்குக் காத்திருக்கும் இடமுமில்லை. இங்கே நான் ஒரு வழி சொல்கிறேன். அவருடைய பேத்திகள் பிருந்தா, முக்தா சகோதரிகள் பிற்காலத்திலே பாடிய பதங்களின் பதிவுகள் தெளிவான ஒலியோடு கிடைக்கின்றன. முதலில் அவற்றைக் கேளுங்கள். அந்தக் குடும்பத்தார் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு தாமதமாக, எவ்வளவு நுட்பமாகச் செல்கிறார்கள் என்பது செவியிற் படிந்தபின் பாட்டியாரின் தட்டுக்கு வாருங்கள். முன்பு வெறும் இரைச்சலாகத் தோன்றிய இடத்திலே இழுக்கப்பட்ட தந்தியின் நுனியோசை கேட்கும். சீடர் வழியாகக் குருவைக் கேட்பது நம் மரபுக்குப் புதியதன்று.

அடுத்தது காலம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். பன்னிரண்டு அங்குலத் தட்டில் நாலரை நிமிடம் வரை போகலாம். இந்த அளவுக்குள்ளே ஆலாபனையும் கிருதியும் சுரமும் அடங்கவேண்டும். இதை வெறும் குறைபாடாகக் கருதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. குறள் வெண்பாவுக்கு ஏழு சீர்தான். ஏழு சீர் போதவில்லை என்று வள்ளுவர் வருந்தினாரா? முதலிரண்டு சொற்கட்டுகளிலேயே இராகத்தின் முகத்தைக் காட்டிவிடுவது பெரிய வித்தை. இசைத்தட்டு அந்த வித்தையை வளர்த்தது. ஆனால் எல்லோருக்கும் அது கைவந்துவிடவில்லை. சில தட்டுகளின் கடைசிப் பகுதியிலே பாட்டு திடீரென்று விரையும். “மெழுகு முடிகிறது” என்று பதிவுக்காரர் கைகாட்டிவிட்டார் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். அந்த விரைவைக் கொண்டு அக்கலைஞரின் காலப்பிரமாணத்தை எடைபோடுவது நியாயமன்று. தட்டின் நடுப்பகுதியைக் கொண்டே எடைபோடவேண்டும்.

வேகத்தைப் பற்றி இன்னொரு முக்கியமான செய்தி. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற கணக்கு. தொடக்க காலத்தில் எழுபதிலிருந்து எண்பதுக்கு மேலும் வெவ்வேறு வேகங்களிற் பதிந்தார்கள். 74 சுற்றிலே பதிந்த தட்டை 78இலே ஓடவிட்டால், சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை உயர்ந்துவிடும். குரல் மெலிந்து கிறீச்சிடும். கமகம் பதற்றமாகத் தோன்றும். “அந்தக் காலத்திலே எல்லோரும் மூக்காற் பாடினார்கள்” என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கண்டுபிடிக்க எளிய உபாயம் உண்டு. பாட்டோடு ஆர்மோனியம் இருக்குமானால் (கிட்டப்பாவுக்கு அவருடைய உடன்பிறந்தார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தவர்) அதன் சுருதியை நம் கையிலுள்ள ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்மோனியத்தின் நாக்குகள் பாடகரின் விருப்பத்துக்கு வளைவன அல்ல. தட்டின் சுருதி நம் பெட்டியின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே வந்து விழுமானால், அநேகமாக ஓட்டும் வேகந்தான் பிழை. இன்றைய கணினியிலே வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கேளுங்கள். கிறீச்சிட்ட குரல் ஒரு மனிதரின் குரலாக இறங்கிவருவதைக் கேட்பது பெரும் மகிழ்ச்சி.

இத்தனை சொன்னபின், கிராமபோனை விரும்பாத ஒரு பெரியாரின் கருத்தையும் சொல்லாமல் விடலாகாது. நம்மவரான ஆனந்த குமாரசுவாமி 1909இலே கொழும்பில் வெளியிட்ட ‘தேசிய இலட்சியவாதக் கட்டுரைகள்’ என்னும் ஆங்கில நூலிலே கிராமபோனுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். உயிருள்ள இசைஞனின் இடத்தை இயந்திரம் கவர்ந்துகொள்ளும் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை பொய்த்துவிட்டது என்று சொல்ல என்னால் இயலாது. மேளகாரருக்கு வெற்றிலை வைத்து அழைக்கவேண்டிய சடங்குகள் சிலவற்றில் ஒலிபெருக்கியே போதும் என்று ஆகிவிட்டதை நாமே பார்த்திருக்கிறோம். ஆனால் குமாரசுவாமி எதிர்பாராத மற்றொன்றும் நிகழ்ந்தது. இசைஞர் மறைந்து, அவர் ஊர் கலைந்து, அவரைக் கேட்டவர்களும் மறைந்தபின்னர், அந்த இயந்திரம் ஒன்றே சாட்சியாக நின்றது.

இதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 1990களிலும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும், வன்னி மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்தனர். கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையில் நடந்தவர்கள் குழந்தைகளையும் முதியோரையும் சுமந்தார்கள். அரக்கினாற் செய்த தட்டு, கைதவறி விழுந்தால் ஓடுபோல் உடைவது. அதை எவர் சுமப்பார்? பெட்டி பெட்டியாக இருந்த தட்டுகளும், திருமண வீடுகளில் எடுத்த ஒலிநாடாக்களும் வீடுகளோடு போயின. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரத்தையும் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலையும் கோயில் வீதியிலே நாடாவிற் பிடித்து வைத்திருந்தவர்களுடைய சேமிப்புகளும் இவ்வாறு அழிந்தவற்றுள் அடங்கும்.

ஆயினும் கிட்டப்பாவின் தட்டு ஓரிடத்தில் உடைந்தால் வேறோரிடத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்ற பொருள் அது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் போன்ற இடங்களிலும், தனிப்பட்ட சேகரிப்பாளரிடத்தும் அதன் படி கிடைக்கும். இழந்தால் மீளாதது வேறொன்று. முன்பு சொன்ன சல்லடையை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். கிராமபோன் கம்பெனிகள் விற்பனையாகும் வித்துவான்களையும் நடிகர்களையும் தேடின. முல்லைத்தீவின் அருவி வெட்டுப் பாட்டையும், களத்திலே எருமைகளை வளைத்துச் சூடு மிதிக்கும்போது ‘பொலி’ என்று எழும் குரலையும், முல்லைமோடியிற் பாடும் கோவலன் கூத்தையும், ஒப்பாரியையும், தாலாட்டையும் தேடி எவர் கூம்பைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்? வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குத் திரளும் கூட்டத்திலே, கண்ணகி கதையை இராகம் இழுத்துச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய குரலுக்குச் சந்தை இல்லை.

சந்தையை நோக்காமல் வந்தவர்களும் இத்தீவில் உண்டு. 1908ஆம் ஆண்டளவிலே செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி ஆராய வந்தபோது ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுவந்தனர். மெழுகு உருளைகளிலே வேடரின் பாடல்களைப் பிடித்துச் சென்றனர். 1911இல் வெளிவந்த அவர்களுடைய நூலிலே அந்தப் பாடல்களை மையர்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்திருக்கிறார். ஸ்கொட்லாந்திலும் இப்படியே. ஸ்கின்னரின் பிடிலைக் கம்பெனிகள் பதிந்தன. பண்ணைக் கூலிகளும் நாடோடிகளும் பாடிய பாட்டை அவை பெரும்பாலும் விட்டுவிட்டன. 1951ஆம் ஆண்டிலே எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஸ்கொட்டிய ஆய்வுக் கழகம் தோன்றியபின், அறிஞர்கள் நாடாப்பெட்டியோடு ஊர் ஊராகச் சென்று அந்தப் பாட்டுகளைத் திரட்டினார்கள். இன்று அவற்றுட் பலவற்றை இணையத்திலே எவரும் கேட்கலாம்.

வன்னிப் பாடல்களின் சொற்கள் அச்சில் வந்திருக்கின்றன. அதற்காக உழைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் சொல் மட்டும் போதாது என்பதைத்தான் ஸ்கின்னரின் புத்தகமும் சுப்பராம தீட்சிதரின் குறிகளும் நமக்குக் காட்டின. ஒப்பாரியிலே எவ்விடத்தில் விம்மல் சுரமாகிறது என்பதை எந்த அச்செழுத்துக் காட்டும்? மேலும், வன்னியின் பாட்டு ஒரே படையாக அமைந்ததன்று. பழங்குடி வன்னியரின் பாட்டு இருக்கின்றது. 1920இல் இரணைமடுக் குளம் கட்டி முடிந்தபின் கிளிநொச்சிக்கு வந்த யாழ்ப்பாணத்தாரின் பாட்டு இருக்கின்றது. 1977, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களின் கும்மியும் தாலாட்டும் இருக்கின்றன. ஒரே ஊரின் மூன்று வீடுகளில் மூன்று விதத் தாலாட்டுக் கேட்கலாம். இவற்றைப் பதிய இன்று தகரக் கூம்பு வேண்டியதில்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் கைத்தொலைபேசி, தனம்மாளைப் பதிந்த கருவியிலும் மிக நுண்ணியது.

அதைப் பயன்படுத்துவோருக்குச் சில வார்த்தைகள். பாடும் முதியவரைப் பாட்டு முடியும் வரை இடைமறியாதீர்கள். பின்னணிக்கென்று மின்விசைப் பெட்டியின் தாளத்தைச் சேர்க்காதீர்கள். அது நம் கையாலேயே நாம் போடும் சல்லடை. கௌஹர் ஜான் செய்ததைப்போல் பாட்டின் முடிவிலே பாடியவரின் பெயர், ஊர், நாள், இப்பாட்டை எப்போது பாடுவார்கள், யாரிடம் கற்றார் என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். களத்துப் பாட்டை நாற்காலியில் இருத்திப் பாடவைத்தால் நடை மாறிவிடும். எருமையின் காலடிதான் அதற்குத் தாளம். களத்திலே அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. எனினும் முற்றத்திலாவது அவரை நடந்துகொண்டே பாடச் சொல்லலாம். பதிந்ததை ஒரே கருவியில் வைத்திருக்கவேண்டா. 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஏற்றுப் பேணுகின்றது.

பழைய தட்டு ஒன்றிரண்டு வீட்டிலே தப்பியிருக்குமானால், அவற்றுக்கும் வழி சொல்லி முடிக்கிறேன். அரக்கு சாராயத்திற் கரையும். ஆகவே ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. இளஞ்சூட்டு நீரிலே சிறிது சவர்க்காரம் கலந்து, நடுவிலுள்ள காகித முகப்பு நனையாமல், தடத்தின் போக்கிலே மெல்லிய துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். தகரக் கூரையின் கீழ்ப் பரணிலே வைத்தால் வெயிற்சூட்டில் வளைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். காகித உறையைக் கறையான் முதலிலே தேடிவரும் என்பதையும் மறவாதீர்கள். பிற்கால நெடுந்தட்டுக்குரிய நுண்ணூசியை இதிலே வைக்கலாகாது; தடத்தின் அகலம் வேறு. முகப்பிலுள்ள எழுத்து மங்கியிருந்தாலும், அதைச் சுற்றி அரக்கிலே பொறித்த சிறிய எண் ஒன்று இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அது தெரியும். அந்த எண்ணை எழுதி வையுங்கள். பாடியவர் யார், எப்போது பாடினார் என்பதைக் கண்டறிய அது உதவும்.